நழுவாத மவுஸ் பேட்டும் நழுவப் பார்த்த கில்பட்டும்

திங்கட்கிழமை காலை, பாணும் சம்பலும் பாதிக்குப் பாதி முடிந்திருந்த வேளையில், இனிமேல் தான் கொம்பியூட்டரில் விளையாடப் போவதில்லை என்று கில்பட் அறிவித்தார்.

யூஜீனியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கணவனின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல. அப்ப என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யேல்ல. நாற்பத்தாறு வயசாச்சு. விளையாடினது காணும். இனி நான் வேலை செய்யப் போறன்."

"ஐஸ் கொம்பனியில செய்யிறதுக்கு என்ன பேர்?"

"அது சம்பளத்துக்கு. இது சமூகத்துக்கு." கில்பட் தொண்டையைச் செருமினார். "இனி நான் விளையாடமாட்டன், யூஜீ. மதிப்பிடுவன்."

சொல்லிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து நீண்ட மட்டைக் குழாய் ஒன்றை எடுத்தார். அதற்குள்ளிருந்து சுருட்டிய கறுப்புத் துணியொன்றை உருவிச் சம்பல் கோப்பையைத் தள்ளிவிட்டு விரித்தார். அது மேசையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை போனது. பச்சைக் குழந்தையொன்றை அதில் கிடத்தித் தாலாட்டலாம்.

"என்ன இது, கால்மிதியா?"

"மவுஸ் பேட். கேம் விளையாடுற ஆக்களுக்கெண்டே செய்தது. துணியில. இதை நான் பாவிச்சுப் பாத்து, நல்லமா கூடாதா எண்டு உலகத்துக்குச் சொல்லோணும்."

யூஜீனியா ஒரு மூலையைப் புரட்டிப் பார்த்தாள். விரலால் தடவினாள். மணந்தும் பார்த்தாள்.

"மேல துணி. அடியில இறப்பர். புது மணம் மணக்குது. சொல்லியாச்சு. வாங்க, வந்து மீனை வெட்டுங்க."

இந்த இடத்தில் கில்பட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிவாசல்துறையில் கடலுக்குப் போகாத ஒரு சில ஆண்களில் அவர் ஒருவர். ஐஸ் கொம்பனியில் கிளாக்கர். மகள் ஷானிகாவின் படிப்புக்கென்று வீட்டுக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கினார். மகள் சோதினை பாஸ் பண்ணி, மடிக்கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நீர்கொழும்புக்குப் படிக்கப் போனாள். கொம்பியூட்டர் போகவில்லை. அனாதையாக நின்ற அதைக் கில்பட் தத்தெடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டொன்றில் 'கட்டாப்பாரை' என்ற அணியில் சேர்ந்தார். அணியில் ஐந்து பேர். தலைவன் ஹில்மி கட்டாரில் வேலை செய்கிறவன். யாரும் யாரையும் நேரில் கண்டதில்லை. ஆகையால் கில்பட் அங்கே மிகவும் மதிக்கப்பட்டார்.

வீட்டில் நிலைமை வேறு. பின்னேரம் ஒரு மணித்தியாலம் விளையாடலாம். செபமாலைக்கு மணி அடித்தால் எழும்பிவிட வேண்டும். இது யூஜீனியாவின் சட்டம். அந்தச் சட்டத்துக்கு அப்பீல் இல்லை.

கில்பட்டின் திடீர் ஞானோதயத்துக்குக் காரணம் வருகிற சனிக்கிழமை. அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கட்டாப்பாரை அணிக்கு இறுதிப் போட்டி. அதே சனிக்கிழமை மாலை கில்பட் வீட்டுக்கு மாதா சிலை, அந்த ஊர்ப் பேச்சில் மாதா சுருவம், வருகிறது.

ஒக்டோபர் மாதம் முழுக்க அந்த ஊரில் மாதா சுருவம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவு. மறுநாள் மாலை பாட்டோடும் மெழுகுதிரியோடும் அடுத்த வீடு. சுருவம் வருகிற வீட்டில் செபமாலை முடிந்ததும் வந்த சனம் எல்லாருக்கும் தேத்தண்ணியும் லவாரியாவும் கொடுக்க வேண்டும். லவாரியா என்றால் இடியப்பத்தைப் பிழிந்து, நடுவில் இனிப்புப் பாணி போட்டுக் கிளறிய தேங்காய்ப்பூவை வைத்து, மடித்து அவிப்பது. ஒழுங்கையில் குடியிருக்கிற சனத்துக்கெல்லாம் கொடுக்க ஒரு சாக்குத் தேங்காய் துருவ வேண்டும். மாக் குழைப்பது, பிழிவது, மடிப்பது பெண்கள். துருவலையில் குந்துவது அந்த வீட்டு ஆம்பிளை. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கில்பட் பல பேரிடம் விசாரித்திருக்கிறார். பங்குச் சாமிக்கே தெரியவில்லை.

போன வருடம் மணிக்கட்டு நோவென்று தப்பினார். அதற்கு முந்தின வருடம் ஐஸ் கொம்பனியில் அவசர வேலை வந்தது. இந்த வருடத்துக்குப் புதிதாக ஒன்று வேண்டியிருந்தது. அதைத் தேடித்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, கற்பிட்டி டவுனில் போனும் கொம்பியூட்டர் சாமானும் விற்கிற ரிப்கானின் கடைக்குப் போனார். ரிப்கான் ஒரு பெட்டியைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு பெட்டி மவுஸ் பேட் வந்து ஈக்கு அண்ணன். ஒண்டும் போகுதில்ல. இங்க ஆக்கள் மவுஸை வெறும் மேசையிலதான் ஓட்டுறாங்க. நீங்க ஒண்ட எடுத்துட்டுப் போய்ப் பாவிச்சுப் பாத்து, நம்மட கடைட ஒன்லைன் பக்கத்தில ரெண்டு வார்த்தை செல்லுங்களே."

"ரெண்டு வார்த்தையா? ரிப்கான், இதை முறையா மதிப்பிட ஒரு கிழமை வேணும். சனிக்கிழமை மூண்டு மணிக்குத்தான் கடைசிப் பரீட்சை."

"ஏன் மூண்டு மணி?"

"அப்பதான் காத்து சரியா இருக்கும்."

ரிப்கான் வியாபாரி. சும்மா வேலை செய்ய வருகிறவனிடம் அவன் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

ஆக, திங்கட்கிழமை காலை கில்பட் எழும்பி நின்று மனைவிக்கு மதிப்பீட்டின் தத்துவத்தை விளக்கினார்.

"பாத்தவுடனே சொல்லுறதுக்குப் பேர் மதிப்பீடு இல்ல, யூஜீ. அது கண் விளையாட்டு. சாமானைப் பாவிக்கோணும். அதுவும் கொஞ்ச நேரமில்ல. கை களைக்கக் களைக்கப் பாவிக்கோணும். கை களைச்ச பிறகுதான் சாமான்ட குணம் தெரியும்."

"ஓம், அது சரிதான்," என்றாள் யூஜீனியா.

கில்பட் ஒருகணம் திகைத்தார். இருபத்திரண்டு வருடக் கலியாண வாழ்க்கையில் இந்த வசனம் அவர் காதில் விழுந்தது குறைவு.

"பிறகு, ஒண்டைத் தனிய வச்சுப் பாக்க ஏலாது. பக்கத்தில இன்னொண்டு வேணும். இதில ஒருக்கா, அதில ஒருக்கா. அப்பதான் நடுநிலை."

"நடுநிலை முக்கியம்தான்."

"முக்கியமா? அதுதான் எல்லாம்!"

"அப்ப சனிக்கிழமை?"

"அங்கதான் பிரச்சினை," என்றார் கில்பட், குரலில் போதிய துயரத்தை ஏற்றி. "மூண்டு மணிக்குக் கடைசிப் பரீட்சை. உண்மையான போட்டிக்குள்ள வச்சுப் பாக்கோணும். மாத்த ஏலாது. அதுக்கு முதல் கையை வேற வேலையில களைக்க விடவும் ஏலாது. தேங்காயைத்தான் என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல..."

யூஜீனியா கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"வேலை எண்டா வேலைதானே. தேங்காயை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்க மதிப்பிடுங்க."

இவ்வளவு லேசாக முடிந்தது கில்பட்டுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இன்னும் நாலைந்து வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். எல்லாம் வீண்.

செவ்வாய்க்கிழமை பேட்டின் வேகத்தை மதிப்பிட்டார். அதற்காகப் பின்னேரம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை ஆட்களைச் சுட வேண்டியிருந்தது. மவுஸ் அந்தத் துணியின்மேல், ஐஸ் கட்டியில் கணவாய் மீன் வழுக்குவதுபோல ஓடியது. புதன்கிழமை நிறுத்தத்தை மதிப்பிட்டார். கை நின்ற இடத்தில் மவுஸ் நின்றது. ஒரு நூல் தாண்டவில்லை. இதற்கும் மூன்று மணித்தியாலம் பிடித்தது. நடுநிலைக்காக, அதுவரை பாவித்து வந்த பழைய கலண்டர் மட்டையிலும் ஓட்டிப் பார்த்தார். மட்டையில் மவுஸ் சறுக்கி, அவர் தன் அணித் தலைவன் ஹில்மியையே சுட்டுவிட்டார். அவன் கட்டாரிலிருந்து கத்தினான். கில்பட் அதை மட்டையின் குறைபாடாகப் பதிந்துகொண்டார்.

குறையும் கண்டுபிடித்தார். கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. யன்னலால் வருகிற பொடி மணல் துணியில் குடியேறியது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பேட்டை எடுத்து முற்றத்தில் உதற வேண்டியிருந்தது. உதறாவிட்டால் மவுஸ் அப்பளம் கடிப்பதுபோலக் கரகரத்தது. ஒருநாள் தேத்தண்ணி ஊற்றுப்பட்டது. துணி குடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல இருந்தது. கரைத் தையல் ஒரு நூலும் விடவில்லை. அடி இறப்பரைச் சோதிக்க ஒரு மூலையைப் பிடித்துப் பலமாக இழுத்தார். மேசை வந்தது, பேட் அசையவில்லை.

யூஜீனியா தடுக்கவில்லை. தடுக்காததோடு நிற்காமல், காற்றாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். கேளாமலே தேத்தண்ணி வந்தது. சுருவம் நின்ற வீட்டுக்குச் செபமாலைக்குப் போகிறபோது அவரைக் கூப்பிடவில்லை. வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டு றோசலின் அக்காவிடம், "அவர் மதிப்பீட்டில இருக்கிறார்," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் செய்கிற டொக்டரைப் பற்றிச் சொல்வதுபோல அது இருந்தது. கில்பட்டுக்கு உள்ளே குளிர்ந்தது.

வியாழக்கிழமை வீடியோ எடுத்தார். இடுப்புக்கு மேலே ஸ்திரி போட்ட சேட், கீழே சாரம். "அன்பார்ந்த நேயர்களே" என்று தொடங்கினார். நடுவில் மீன்காரனின் ஹோர்ன் இரண்டு தடவை ஒலித்தது. பாவிக்க வேண்டும், கை களைக்க வேண்டும், ஒப்பிட வேண்டும் என்ற தத்துவத்தை விரிவாகச் சொன்னார். பேட் நங்கூரம் போட்டதுபோல நிற்கும் என்றார். "எந்தப் பொருளானாலும் நடுநிலையோடு மதிப்பிடுவேன், இது என் வாக்கு" என்று நெஞ்சில் கைவைத்து முடித்தார். ரிப்கான் அதைக் கடைப் பக்கத்தில் போட்டான். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கொஞ்சப் பேர் பார்த்திருந்தார்கள். அதில் பாதி கில்பட்தான்.

வெள்ளி பின்னேரம் றோசலின் அக்கா வந்தாள். அவள் மாதா சபைத் தலைவி. ஒரு கையில் பழைய பலகைத் துருவலை. மற்றக் கையில் மேசை விளிம்பில் பூட்டிக் கைபிடியைச் சுற்றுகிற புதுத் துருவலை. இரண்டையும் கில்பட்டின் காலடியில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து மூச்சு விட்டாள்.

"தம்பி, சபையில ஒரே சண்டை."

"என்ன சண்டை அக்கா?"

"துருவலைச் சண்டை. கோயில் குசினிக்கு எது நல்லம் எண்டு. அரைவாசிப் பேர் பலகைதான் எண்டு நிக்கினம். மற்ற அரைவாசி சுத்திறதுதானாம். கதைச்சுக் கதைச்சு இப்ப ஒருத்தரோட ஒருத்தர் கதையில்ல. நடுநிலையா ஒரு ஆள் சொன்னாத்தான் தீரும். உங்கட வீடியோ பாத்தன்..."

"பாத்தீங்களா?"

குசினிக்குள்ளிருந்து யூஜீனியாவின் குரல் வந்தது. "அக்கா, அவரைக் கரைச்சல் படுத்தாதீங்க. அவர் கொம்பியூட்டர் சாமான் மட்டுந்தான். துருவலை எல்லாம் அவருக்கு விளங்காது."

"விளங்காதா?" கில்பட் நிமிர்ந்தார். "யூஜீ, சாமான் மாறும். முறை மாறாது. மவுஸ் பேட் என்ன, துருவலை என்ன? வேகம், பிடி, மணிக்கட்டு. எல்லாம் ஒண்டுதான்."

"நாளைக்கு மூண்டு மணிக்கு உங்களுக்குப் பரீட்சை. வேணாம்."

"அதுக்கு முதல் முடிச்சிடலாம். இதில ஒரு தேங்காய், அதில ஒரு தேங்காய். பத்து நிமிசம்."

"ஓம், பத்து நிமிசம் காணும்," என்றாள் யூஜீனியா.

றோசலின் அக்காவின் முகம் வாடியது.

"நாளைக்குச் செபமாலை முடிய, எல்லாருக்கும் முன்னால தம்பி எழும்பித் தீர்ப்புச் சொல்லுவார் எண்டு நினைச்சன். பங்குச் சாமியும் வாறார். ஆனா ஒரு தேங்காயில சொன்ன தீர்ப்பெண்டா தோத்த பகுதி சும்மா விடாது. உங்கட கை களைச்சுதா எண்டு கேப்பினம். நீங்கதானே வீடியோவில சொன்னது."

எல்லாருக்கும் முன்னால். பங்குச் சாமியும். கில்பட் கண்ணை மூடினார். தான் எழும்புவதும் சனம் அமைதியாவதும் தெரிந்தது.

"அக்கா சொல்லுறது சரி. ஒரு தேங்காய் காணாது. யூஜீ, வீட்டில எவ்வளவு தேங்காய் கிடக்கு?"

"தேங்காய் இல்ல. நாளைய லவாரியாவுக்கெண்டு கட்டி வச்ச சாக்கு மட்டுந்தான். அதைத் தொட விடமாட்டன்."

"அதுதான் வேணும்!"

"விசரா உங்களுக்கு? நான் துருவ ஆள் பிடிச்சு வச்சிருக்கிறன்."

"ஆளை வேணாமெண்டு சொல்லு. இது சபைப் பிரச்சினை. சமாதானப் பிரச்சினை. ஒரு சாக்குத் தேங்காய்க்குக் கணக்குப் பாக்கிறியே!"

யூஜீனியா வாசலில் வந்து நின்றாள். நெடுநேரம் யோசிப்பதுபோல நின்றாள்.

"சரி. நீங்க பிடிச்சாப் பிடிதான். ஆனா ஒண்டு. துருவின தேங்காய்ப்பூவை வீணாக்க ஏலாது. அதை எடுத்து லவாரியாவுக்குத்தான் போடுவன். பிறகு கோவிக்கப்படாது."

"தாராளமாப் போடு," என்றார் கில்பட் பெருந்தன்மையோடு.

காலை பத்து மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்கு முடிந்துவிடும், ஒரு குட்டித் தூக்கமும் போடலாம் என்று கணக்கிட்டார். அவர் பிறந்த நாளிலிருந்து ஒரு சாக்குத் தேங்காய் துருவியதில்லை என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

சனிக்கிழமை அவர் தனக்குத் தானே இன்னொரு சிறு உதவியும் செய்துகொண்டார். ஒவ்வொரு தேங்காயையும் உடைத்து ஒரு பாதியைப் பலகையிலும் மறு பாதியை மேசைத் துருவலையிலும் துருவுவது என்று தீர்மானித்தார். ஒரே தேங்காயின் இரண்டு பாதிகள். இதைவிட நடுநிலை உலகத்தில் உண்டா? ஆகவே குந்தினார், துருவினார், எழும்பினார், சுற்றினார், மறுபடி குந்தினார். யூஜீனியா போனைப் பிடித்துக்கொண்டு படமெடுத்தாள்.

"முகத்தைச் சுழிக்காதீங்க. உலகம் பாக்கும்."

சீமெந்துத் தரையில் பலகைத் துருவலை முன்னே முன்னே ஓடியது. கில்பட் அதன்மேல் குந்தியபடியே அறையைக் கடந்து அலுமாரிவரை போய்விட்டார். யூஜீனியா போனை வைத்துவிட்டு உள்ளே போய் மவுஸ் பேட்டைக் கொண்டுவந்தாள். விரித்தாள். அதன்மேல் துருவலையை வைத்தாள்.

"அது மூண்டு மணிக்கு வேணும்!"

"அதுக்கு முதல் முடிஞ்சிடும்தானே. நங்கூரம் மாதிரி நிக்குமெண்டு சொன்னீங்க. நிக்குதா பாப்பம்."

நின்றது. ஒரு நூல் அசையவில்லை. கில்பட் துருவத் துருவத் தேங்காய்ப்பூ தட்டில் குவிந்தது. தேங்காய்ப்பால் துளித் துளியாய்ப் பேட்டில் விழுந்து காணாமல் போனது. கலைஞனுக்கே உரிய பெருமை ஒருகணம் அவரைப் பிடித்தது. "பாத்தியா? பாத்தியா அடி இறப்பரை?" என்று யூஜீனியா மறுபடி பிடித்திருந்த போனைப் பார்த்துக் கத்தினார். அது வீடியோவில் நன்றாக விழுந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சாக்கில் இன்னும் முக்கால்வாசி மிச்சமிருந்தது. இரண்டு மணிக்கு அரைவாசி. குசினியில் றோசலின் அக்காவும் ஒழுங்கைப் பெண்களும் மாக் குழைத்து, பிழிந்து, நிரம்பிய தட்டுகளை உடனுக்குடன் வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னே போன் அடித்தது. கில்பட்டின் இரண்டு கையும் தேங்காயில். யூஜீனியா எடுத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"அண்ணன் எங்க? மெட்ச் தொடங்கப் போகுது!" ஹில்மி கட்டாரிலிருந்து பதறினான்.

"அவர் வேலையா இருக்கிறார் தம்பி. அவர் விளையாட்டை விட்டுட்டாரே. திங்கக்கிழமை சொன்னார். உங்களுக்குச் சொல்லேல்லையா?"

"விட்டுட்டாரா? பின்னால யாரோ கத்துறாங்களே?"

"அவர்தான். வேலையில அவ்வளவு சந்தோசம்."

அழைப்பு முடிந்தது.

"யூஜீ!"

"என்ன? நான் பொய்யா சொன்னன்?"

"அது விளையாட்டில்ல! மதிப்பீடு! பேட்டை அங்க கொண்டு போய்..."

"பேட் தேங்காய்ப்பாலில ஊறிப் போச்சு. பேட் இல்லாம நீங்க அங்க போய் இருந்தா அதுக்குப் பேர் மதிப்பீடா? விளையாட்டா? நீங்களே நடுநிலையாச் சொல்லுங்க."

ஒரு வாரமாகத் தானே கட்டிய வீட்டில் கதவு வைக்க மறந்துவிட்டதைக் கில்பட் அப்போதுதான் கவனித்தார். அடுத்த தேங்காயை எடுத்தார்.

மாலை சுருவம் வந்தது. வாசலில் மெழுகுதிரிகள், பாட்டு, பிறகு ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை. லவாரியாவைக் கடித்த சனம், இப்படியொரு தேங்காய்ப்பூ இந்த ஒழுங்கையில் விழுந்ததில்லை என்றது. பங்குச் சாமி இரண்டாவது எடுத்தார். கில்பட் எழும்பித் தீர்ப்பைச் சொன்னார். மணிக்கட்டுக்குச் சுற்றுகிறது நல்லம். பூவுக்குப் பலகை நல்லம். துருவிக் களைத்த கையில் தேத்தண்ணிக் கோப்பை பீரிசுத் தட்டில் தாளம் போட்டது. சனம் அதை உணர்ச்சிவசப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டது.

"அப்ப எப்ப வாங்கப் போறீங்க அக்கா?" என்று பிறகு றோசலினைக் கேட்டார்.

"எதை?"

"துருவலையை. கோயில் குசினிக்கு."

"கோயில் குசினியில ரெண்டும் கிடக்கே தம்பி. நீங்க துருவினது அந்த ரெண்டிலதான்."

"அப்ப சண்டை?"

"சபையில சண்டை எண்டு செவ்வாய்க்கிழமை யூஜீனியா வந்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்." றோசலின் அக்கா ஒரு லவாரியாவைப் பிய்த்து வாயில் போட்டாள். "நாளைக்குச் சுருவம் எங்கட வீட்டை. எங்கட மனுசனுக்கு முழங்கால் நோ. தம்பி வருவீங்கதானே?"

கேட்ட குரல் கொஞ்சம் உரத்த குரல். பங்குச் சாமி சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். சனமும் திரும்பியது. மேசையிலிருந்து மாதாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அக்கா," என்றார் கில்பட்.

ஞாயிறு மத்தியானம் அவர் றோசலின் வீட்டுக் குசினியில், கழுவிக் காயவைத்த மவுஸ் பேட்டின்மேல் துருவலையை வைத்துக் குந்தியிருந்தார். ஹில்மியிடமிருந்து செய்தி வந்திருந்தது. மாற்றாளைப் போட்டு வென்றுவிட்டார்களாம். 'இந்த முறை எங்கட ஆக்கள் யாரும் எங்களைச் சுடேல்ல' என்றும் எழுதியிருந்தான்.

போன் அடித்தது. ரிப்கான்.

"அண்ணன்! பெட்டி முடிஞ்சு!"

"என்ன பெட்டி?"

"மவுஸ் பேட் பெட்டி! ஒண்டும் மிச்சமில்ல. காலையிலருந்து கடைக்கு முன்னால பொம்பிளையள் நிக்கிறாங்க. இன்னும் ரெண்டு பெட்டிக்குச் செல்லி ஈக்கன்."

"பொம்பிளையளா? கேம் விளையாடவா?"

"துருவலைக்கு அடியில போட! நேத்து யூஜீனியா அக்கா ஒரு வீடியோ அனுப்பினா. பக்கத்தில போட்டன். நாடே பாக்குது அண்ணன். உங்கட மொத வீடியோவும் நல்லந்தான், இல்லையெண்டு செல்லல்ல. ஆனா இது வேற."

கில்பட் துருவுவதை நிறுத்தினார். நடந்ததெல்லாம் நல்லதற்குத்தான். மனைவி, மாதா சபை, முதுகு நோ எல்லாவற்றையும் தாண்டி, ஒரு பொருளின் உண்மையான குணத்தை உலகத்துக்குக் காட்டிவிட்டது அவருடைய மதிப்பீடு. குரலைச் சரிசெய்துகொண்டார்.

"ரிப்கான், அடுத்த வீடியோவை முறையாச் செய்வம். நான் நல்ல சேட் ஒண்டு போட்டு, முன்னுக்கு ஒரு சின்னப் பேச்சு..."

அந்தப் பக்கம் ரிப்கான், கடைக்கு முன்னால் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னான்.

"அண்ணன், கோவிக்க வேணாம். பேச்சை அக்கா பேசட்டும்," என்றான் ரிப்கான். "நீங்க வழமை போல துருவுங்க."